சம்பந்தி வீட்டு ஓணான்

அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பல்செட்டுக்காரர் வீடு என்று கேளுங்கள், பால் குடிக்கிற குழந்தைகூடக் கையை நீட்டிக் காட்டும். பல் மருத்துவமனைக்குப் பின்புறம், மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கிற ஓர் அறைதான் அவருடைய பட்டறை. டாக்டர் வாயில் எடுத்த அச்சு அங்கே வந்து சேரும். இவர் அதில் வெள்ளைச் சாந்தை ஊற்றி, இறுகவிட்டு, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, பொக்கை வாய்க்கு ஒரு முழு வரிசையைச் செய்து அனுப்புவார். சிரித்தால் அழகாகத் தெரிகிறதா என்றெல்லாம் அவர் யாரையும் கேட்டதில்லை. "மெல்ல வருதா?" அவ்வளவுதான். வருகிறது என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க மனிதருக்குத் தானே விருந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

அவர் மனைவிக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. தாய்மார் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளுக்கு வேளாவேளைக்கு ஊட்டுவது அந்த அம்மாளின் பொறுப்பு. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அழிச்சாட்டியம் செய்கிற பிள்ளையும் இந்த அம்மாள் எதிரில் உட்கார்ந்தால் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருக்கும். ஆக, ஒருவர் ஊரை மெல்லவைக்கிறவர், இன்னொருவர் ஊர்ப்பிள்ளைகளை விழுங்கவைக்கிறவர். இப்படிப்பட்ட வீட்டில் கொண்டுபோய் ஒரு ஜீவனைப் பட்டினி போடச் சொன்னார்களே, சொன்னவர்களைச் சொல்லவேண்டும்.

நல்ல மனிதர்கள்தான். ஒரே ஒரு கோளாறு. எது கெட்டாலும் எது கொட்டினாலும் இருவர் வாயிலும் முதலில் வருவது "நான் இல்ல" என்பதுதான். குழாய் திறந்து கிடந்ததா? "நான் இல்ல, நீங்கதான் கடைசியாப் போனீங்க." வாசல் விளக்கு விடிந்தும் எரிந்ததா? "நான் எங்க போட்டேன், நீ போட்டிருப்பே." ஒன்றும் பெறாத விஷயம், காலையில் ஆரம்பித்தால் மாலைவரை இழுபடும். கை ஓங்க மாட்டார்கள், கெட்ட வார்த்தை வராது, ஆனால் விடவும் மாட்டார்கள். ஒரே மகள் அவர்களுக்கு. அவளை மட்டும் இருவரும் கடிந்து ஒரு சொல் சொன்னது கிடையாது. அதில் இருவருக்கும் ஏகப்பட்ட பெருமை.

அந்த மகளைக் கட்டிக்கொடுத்த இடம் அதே ஊரின் மறுகோடியில். சம்பந்தி எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லாதவர், ஒரே மகன். கடைகடையாகப் போய்த் தராசைச் சோதித்த மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையிலேயே கடைக்காரர்கள் உண்மையைக் கக்கிவிடுவார்களாம். பல்செட்டுக்காரர் கக்குவதற்கு ஒன்றுமே வைத்துக்கொள்ளாத நாளிலும் அந்தப் பார்வை பட்டால் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இருவரையும் சேர்த்துவைத்தது ஓணான். பல்செட் வாங்க வந்த வாடிக்கையாளர் ஒருவர் ஊர் மாறிப் போகும்போது கண்ணாடித் தொட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டுப் போன தாடி ஓணான் அது. மணல் நிறம், முழங்கை நீளம், கழுத்தைச் சுற்றி முள்முள்ளாகத் தாடி. கோபம் வந்தால் தாடியை உப்பிக் கறுப்பாக்கிக்கொள்ளும். அது வந்ததிலிருந்து தெருவில் "பல்லுக்காரர் பல்லிக்காரர் ஆயிட்டாரு" என்று ஒரு கிண்டல். கல்யாணம் பேச வந்த அன்று, பேச ஒன்றும் அகப்படாமல் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், சம்பந்தி எழுந்து போய்த் தொட்டியின் முன் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"எங்க வீட்ல இதுக்கு ஏத்த பொண்ணு இருக்கு" என்றார்.

பெண் கேட்டு வந்த இடத்தில் பெண் கொடுக்கவும் பேச்சு முடிந்தது. மனிதக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அடுத்த குளிர்காலம் நெருங்கியதும் சம்பந்தி தன் வீட்டுப் பெண் ஓணானை ஒரு மரப்பெட்டியில் வைத்து, ஈரம் படாமல் துணி சுற்றி, மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்து இறக்கினார். காரணம் இருந்தது. இந்த ஜந்துக்கள் குளிரில் கொஞ்ச காலம் உறங்கி எழுந்தால்தான் பருவத்துக்கு வரும், உறங்கவிடாமல் சேர்த்தால் போடுகிற முட்டையில் பாதி கூமுட்டையாகப் போகும் என்பது சம்பந்தியின் கட்சி. அவர் இருப்பது அடுக்குமாடியில், கட்டடம் முழுவதையும் சூடாக வைக்கும் ஒரே கணப்பு. உறங்கவைக்கக் குளிர் வேண்டுமே, அங்கே ஏது? பல்செட்டுக்காரர் வீட்டுப் பின்னறையிலோ குளிருக்குப் பஞ்சமே இல்லை. ஆணையும் பெண்ணையும் ஒன்றையொன்று பார்க்காதபடி தனித்தனித் தொட்டியில் வைத்து, ஒழுங்காக உறங்கவைத்து, வசந்தத்தில் எழுப்பிச் சேர்க்கவேண்டும். வேலை இவருடையது. உறங்க ஆரம்பித்தபின் வாரம் ஒரு முறை தன் தராசை எடுத்துக்கொண்டு வந்து எடை பார்ப்பது அவருடையது. அடுத்தவர் தராசை அவர் நம்பமாட்டார்.

"முதல்ல சாப்பாட்டை நிறுத்தணும்" என்று சம்பந்தி சொன்னார். "விளக்குச் சூடு மட்டும் இருக்கட்டும். வயித்துல இருக்கிறதெல்லாம் செரிச்சு வெளிய போகட்டும். அதுக்கப்புறம்தான் விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு அணைக்கணும்."

"பசிக்காதா?"

"பசிக்கும்."

"அப்ப?"

"பசிக்கட்டும் சம்பந்தி. இதுங்களுக்கு வெளிய இருக்கிற சூடுதான் அடுப்பு. அடுப்பை அணைச்சிட்டுப் பானையில போட்டா வேகுமா? உள்ள கிடந்து அழுகும். அழுகினா செத்துப்போகும்."

சாப்பிடாமல் செத்ததைக் கேள்விப்பட்டிருக்கிறார். சாப்பிட்டதால் சாவது என்பது பல்செட்டுக்காரருக்கு இந்த ஜன்மத்தில் கேட்காத சேதி. தலையை ஆட்டிவைத்தார். மேற்கொண்டு வந்ததெல்லாம் இன்னும் மோசம். தொந்தரவு செய்யக்கூடாது, ஆனால் அடிக்கடி பார்க்கவேண்டும். தூக்கக்கூடாது, ஆனால் எடை போடவேண்டும். அசையாமல் கிடக்கும், அது உறக்கம். சில நாள் எழுந்து ஒரு நடை நடக்கும், அதுவும் உறக்கம்தான்.

"நடந்தாலும் தூக்கமா?"

"ஆமா."

"அப்ப செத்துப்போச்சுன்னா எப்படித் தெரியும்?"

சம்பந்தி அவர் முகத்தையே பார்த்தார். பல்செட்டுக்காரர் பயந்துபோய்த் தொட்டியைப் பார்த்தார்.

அவர் பயம் ஓணானுக்காக இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாக மகள் தொலைபேசியில் பேசும் பேச்சு அவருக்குச் சரியாகப் படவில்லை. பால் பொங்கிவிட்டதாம், "என் தப்புதான்ப்பா." மாப்பிள்ளை பேருந்தைத் தவறவிட்டாராம், "நான்தான்ப்பா எழுப்பியிருக்கணும்." குளியலறைக் குழாய் ஒழுகுகிறதாம், அதற்கும் "நான்தான் சரியா மூடியிருக்கமாட்டேன்." தன்னை ஒரு குறை சொல்லாத வீட்டில் வளர்ந்த பெண் இப்படிப் பேசுகிறாள் என்றால் என்ன அர்த்தம்? அந்த வீட்டில் அவளை உட்காரவைத்து விசாரிக்கிறார்கள். அந்தப் பார்வையாலேயே பார்த்துப் பார்த்துப் பெண்ணைக் குற்றவாளி ஆக்கிவைத்திருக்கிறார் அந்த மனிதர். இதில் அவர் ஆசையாக வளர்த்த ஓணான் வேறு இங்கே செத்துவைத்தால்? கேட்கமாட்டார், கத்தமாட்டார். அவளைப் பார்ப்பார். காலையில் தட்டு வைக்கும்போது பார்ப்பார், மாலையில் கதவு திறக்கும்போது பார்ப்பார். ஆயுசுக்கும் அவள் அந்தப் பார்வையின் கீழ் நடக்கவேண்டும். இந்தப் பெண் ஓணான் உயிரோடு வசந்தத்தைப் பார்த்தாகவேண்டும், பல்செட்டுக்காரருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

மனைவியிடமும் சொன்னார். "அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்ம பொண்ணு தலையிலதான் விடியும்."

"அது எனக்குத் தெரியாதா? நீங்க ஒழுங்கா இருந்தாப் போதும்" என்றாள் அம்மாள்.

சாப்பாட்டை நிறுத்தினார்கள். ஆண் ஓணான் ஒரு மூலையில் மரக்கட்டைமேல் ஏறிப் படுத்துக்கொண்டு தன் பாட்டைப் பார்த்தது. பெண் அப்படி இல்லை. கண்ணாடியோரம் வந்து நின்று, முன்காலால் பறண்டிப் பறண்டிப் பார்க்கும். யார் அறைக்குள் வந்தாலும் தலையைத் திருப்பி அவர்கள் கையைப் பார்க்கும். அம்மாள் அதற்கு ஏற்கெனவே மருமகள் என்று பெயர் வைத்துவிட்டிருந்தாள். பெயர் வைத்ததுதான் வினை. ஓணானைப் பட்டினி போடலாம், மருமகளை எப்படிப் போடுவது? நம் பெண் அந்த வீட்டில் சாப்பிடும்போது, அந்த வீட்டுப் பெண் இங்கே வெறும் வயிற்றோடு கண்ணாடியைப் பறண்டிக்கொண்டு நிற்பதா? நாளைக்கு யாராவது ஒரு சொல் சொன்னால்?

முதலில் விழுந்தவர் பல்செட்டுக்காரர்தான். மனைவி காப்பகத்துக்குக் கிளம்பியதும், புழு டப்பாவைத் திறந்து மாவுப்புழுக்களை இடுக்கியால் எடுத்துக் கொடுத்தார். மருமகள் நாக்கை நீட்டி ஒட்டி எடுத்து மென்ற அழகைப் பார்த்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கொஞ்சம்தானே, சம்பந்தி எல்லாவற்றையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். அடுத்த நாளும் கொஞ்சம். அவர் பட்டறைக்குப் போனபின், மதியத்துக்கு ஒரு நடை வீட்டுக்கு வரும் அம்மாள் கேரட்டைத் துருவி, காப்பகத்துப் பிள்ளைக்கு ஊட்டுகிற அதே பக்குவத்தில், விரல் நுனியில் வைத்து ஊட்டினாள். அவள் ஊட்டுவது இவருக்குத் தெரியாது, இவர் கொடுப்பது அவளுக்குத் தெரியாது. வெளியே பார்த்தால் இருவரும் பெரிய கண்டிப்புக்காரர்கள். "பாத்தியா, பசியைத் தாங்கிக்கிட்டு எவ்வளவு தெம்பா இருக்கு" என்று இவர் சொல்வார். "நல்ல வளர்ப்பு" என்று அவள் சொல்வாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஆண் ஓணானுக்கு இருவரும் ஒரு துணுக்குகூடப் போடவில்லை. அது நம்ம பையன், பொறுத்துக்கொள்வான். ஆகவே பையனுக்குச் சாஸ்திரப்படி பட்டினி, சாஸ்திரப்படி வயிறு காலி, சாஸ்திரப்படி உறக்கம். மருமகளுக்கு மட்டும் ராஜ உபசாரம். விளக்கைக் குறைக்கத் தொடங்கிய நாட்களிலும் அது நடந்தது. விளக்கு அணைந்த அன்று காலையில்கூட நடந்தது. இனி நெடுநாள் சாப்பாடு இல்லையே என்று அன்றைக்கு இருவருமே கொஞ்சம் தாராளமாகப் போட்டார்கள்.

குளிர் வந்து பின்னறையில் உட்கார்ந்தது. தொட்டிகளுக்குக் கறுப்புத் துணி போர்த்தியாயிற்று. முதல் தடவை சம்பந்தி இவர்கள் மகளோடு வந்து, கூடத்தில் உட்கார்ந்து தராசில் வைத்து, "ரெண்டும் எடை குறையலை, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். பல்செட்டுக்காரர் தாமும் ஒரு பெரிய காரியம் செய்துவிட்டதாக நிமிர்ந்து நடந்தார். நிமிர்ந்த நடை அடுத்த முறை எடை போடும் நாளுக்கு முந்தின காலை வரைதான்.

அன்று துணியை விலக்கிப் பார்த்தால் பையன் மண்ணுக்குள் பாதி புதைந்து சுகமாகக் கிடந்தான். மருமகள் மறைவிலிருந்து வெளியே வந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, வயிற்றைத் தரையில் அழுத்திப் படுத்திருந்தது. வயிறு இரு பக்கமும் பிதுங்கியிருந்தது. வாயோரத்தில் கோழை. தொட்டுப் பார்த்தார், கல் மாதிரி இருந்தது.

நடந்தாலும் உறக்கம், கிடந்தாலும் உறக்கம், பிதுங்கினால்? அதைப் பற்றிச் சம்பந்தி ஒன்றும் சொல்லவில்லையே.

"இங்க வா. இது என்ன, முட்டையா?"

அம்மாள் ஓடிவந்து குனிந்து பார்த்தாள். "எப்படிங்க முட்டை? ரெண்டும் இன்னும் முகமே பாக்கலையே."

"அப்ப வயிறு ஏன் இப்படி இருக்கு?"

அவருக்குத் தெரியும். மாவுப்புழு. ஆனால் அவர் போட்ட புழுவுக்கு வயிறு இவ்வளவா உப்பும்? கணக்கு உதைத்தது. அவளுக்கும் தெரியும். கேரட். அவள் ஊட்டிய கேரட்டுக்கு இவ்வளவா? அவள் கணக்கும் உதைத்தது. ஒருவேளை தான் போட்டது காரணமே இல்லையோ, வேறு ஏதாவது வியாதியோ என்று இருவருக்குமே ஒரு நப்பாசை.

"நீ ஏதாவது போட்டியா?"

"நான் எதுக்குங்க போடப்போறேன்? நீங்க?"

"நான் இல்ல."

"நானும் இல்ல."

பொய் சொல்கிறவரைப் பொய் சொல்கிறவர் விசாரித்தால் என்ன விளங்கும்? அவள் போடவில்லை என்று அவர் நம்பினார், அவர் போடவில்லை என்று அவள் நம்பினாள். அதனால் இருவரும் முன்பைவிடக் குழம்பினார்கள். கால்நடை டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தார். டாக்டர் எடுத்த எடுப்பில் கேட்டது, "குளிருக்கு முன்னாடி சாப்பாடு ஏதாவது போட்டீங்களா?"

மனைவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இல்லைங்க டாக்டர்" என்றார்.

"நல்லாத் தெரியுமா? வயித்துல தீனி இல்லன்னா இப்ப சூடு காட்டாதீங்க. பாதியில எழுப்பினா அது வேற தொல்லை. அப்படியே விடுங்க, நாளைக்கு எடுத்துட்டு வாங்க."

தொலைபேசியை வைத்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் உடனே சூடு காட்டச் சொல்லியிருப்பார். இப்போது டாக்டர் வாயாலேயே குளிரில் விடச் சொல்லியாயிற்று. பட்டறையில் அவசர வேலை என்று முணுமுணுத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். படிக்கட்டுக்கு அடியில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மறுபடி டாக்டரைக் கூப்பிட்டார்.

"டாக்டர், ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். யாராவது தெரியாத்தனமா ஏதாவது போட்டிருந்தா?"

டாக்டர் சொன்னார், "இப்பத்தான் உங்க வீட்டம்மாவும் ஒரு பேச்சுக்குக் கேட்டாங்க."

பல்செட்டுக்காரர் கையிலிருந்த மெழுகு கீழே விழுந்தது. டாக்டர் நிதானமாகச் சொன்னார். விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் சூடு கொண்டுவர வேண்டும். சூடு ஏறினால் வயிறு வேலை செய்யும். வெதுவெதுப்பான தண்ணீரில் நெஞ்சளவு உட்காரவைத்து, வயிற்றை மெதுவாக நீவிவிட வேண்டும். வெளியே போய்விட்டால் பிழைக்கும். போகாவிட்டால் கத்தி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

வீட்டுக்கு வந்தால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மாள் அண்டாவில் தண்ணீர் சுடவைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் விளாவிக் கொடுக்க, அவர் மருமகளைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீரில் இறக்கினார். பல்லுக்கு மெழுகு இழைக்கிற விரலால் வயிற்றை நீவிவிட்டார். ஒன்றும் வரவில்லை. துடைத்து விளக்கடியில் வைத்து, மறுபடி தண்ணீர், மறுபடி நீவல். மாலையில் ஒருமுறை அது கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. "வெளிய விடும்மா, தாயே" என்று கெஞ்சினார். அது கண்ணை மூடிக்கொண்டது.

மறுநாள் காலை அவர்கள் அதைத் தண்ணீரில் வைத்திருக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தராசுப் பெட்டியோடு சம்பந்தி, பின்னால் மகள். மறைக்க நேரமில்லை. சம்பந்தி பின்னறை வாசலில் நின்று, எரிகிற விளக்கைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், பல்செட்டுக்காரரின் ஈரக் கையைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு எதிரில் மண்டிபோட்டார். நான்கு கைகள் தண்ணீருக்குள் இருந்தன. சம்பந்தி வாலடியைத் தாங்கிப் பிடிக்க, இவர் நீவினார்.

அப்போது வந்தது. மருமகள் உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி, காலை அகட்டி, தொட்டித் தண்ணீரையே நாசம் செய்தது. அந்த நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பல்செட்டுக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மருமகள் தலையை நிமிர்த்தி, இதெல்லாம் தனக்குச் சம்பந்தம் இல்லாத விவகாரம் என்பதுபோல் சுவரைப் பார்த்தது.

சம்பந்தி அதைத் துணியில் சுற்றி மருமகளிடம், மனித மருமகளிடம், கொடுத்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தொட்டிக்குள் குனிந்தார். ஆயுசு முழுக்கக் கள்ளத் தராசு பிடித்த கண்.

"புழுத்தோல் இருக்கு" என்றார். "கேரட்டும் இருக்கு. செரிக்காம அப்படியே இருக்கு. யாரு போட்டது?"

"நான் இல்ல" என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில். சொன்னபிறகுதான் தாங்கள் சொன்னது இருவர் காதிலும் விழுந்தது.

"நான்தான் மாமா" என்றாள் மகள்.

அவள் குரலில் பதற்றம் இல்லை, அழுகை இல்லை. ஓணானைத் துணியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற சாதாரணத்தில் சொன்னாள். "போன தடவை வந்தப்ப போட்டேன். பாவமா இருந்துச்சு."

பல்செட்டுக்காரருக்குப் புரியவில்லை. போன தடவை வந்தபோது விளக்கு அணைந்து நாளாகியிருந்தது. அவள் இந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை, கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அது சம்பந்திக்கும் தெரியும், அவர் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாள். எதற்காக இந்தப் பெண் இப்படித் தலையை நீட்டுகிறாள்? இப்போது பார்க்கப்போகிறார், அந்தப் பார்வையைப் பார்க்கப்போகிறார் என்று அவர் சம்பந்தியின் முகத்தைக் கவனித்தார்.

சம்பந்தி மருமகளைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தார். பார்த்ததில் அதட்டல் இல்லை, அவரும் குழம்பிப்போன மனிதராகத்தான் தெரிந்தார்.

"சம்பந்தி, உங்களை ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்ல எது நடந்தாலும் இவ நான்தான்கிறா. பால் பொங்கினா நான்தான். என் கண்ணாடி மேல நானே உக்காந்து உடைச்சேன், அதுக்கும் நான்தான் அங்க வெச்சேன்கிறா. என் பையனும் நானும் ஒரு வார்த்தை சொன்னது இல்ல. அக்கம்பக்கத்துல கேட்டா நாங்க ஏதோ கொடுமைப்படுத்துறோம்னு நினைப்பாங்க. எனக்கே பயமா இருக்கு. சின்ன வயசுல ரொம்பக் கண்டிச்சு வளத்துட்டீங்களா?"

"நாங்க ஒரு சொல் சொன்னதில்ல அண்ணா" என்றாள் அம்மாள்.

அது சத்தியம். அவளைச் சொன்னதில்லை. பல்செட்டுக்காரருக்கு எங்கிருந்தோ ஒரு பூச்சாடி நினைவுக்கு வந்தது. கூடத்து மேசையில் இருந்து விழுந்து உடைந்த சாடி. நான் இல்லை, நீதான், நான் இல்லை, நீங்கதான் என்று வீடு ரெண்டுபட்டுக் கிடந்தபோது, பள்ளிப் பையை இன்னும் தோளிலிருந்து இறக்காத சின்னப் பெண் நடுவில் வந்து நின்று "நான்தான்ப்பா உடைச்சேன்" என்றாள். சரி, போகட்டும் விடு என்று இருவரும் ஓய்ந்தார்கள். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். சாடி உடைந்தபோது அவள் பள்ளியில் இருந்தாள். அது அவருக்கு அப்போதே தெரியும். மனைவிக்கும் தெரியும். அப்புறம் எத்தனையோ தடவை அவள் வந்து நடுவில் நின்றாள். ஒவ்வொரு தடவையும் அப்பாடா என்றுதான் இருந்தது.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவளுக்கும் அதுவோ, அதைப்போல் வேறொன்றோ நினைவுக்கு வந்திருக்கவேண்டும்.

எத்தனையோ பேருக்குப் பல் கட்டியவர், தன் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லை எடுக்க முடியாமல் திணறினார்.

"நான்தான் சம்பந்தி" என்றார் கடைசியில். "புழு நான் போட்டது."

"கேரட் நான்" என்றாள் அம்மாள். "தினமும் ஊட்டினேன்."

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மகளுக்கு இது சந்தோஷமாக இருக்கும் என்று பல்செட்டுக்காரர் எதிர்பார்த்தார். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. பயம்தான் தெரிந்தது. அப்பாவின் வாயைப் பார்த்தாள், அம்மாவின் வாயைப் பார்த்தாள். ஓணானை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு அவசரமாக அவர்களுக்கு நடுவில் வந்து நின்றாள்.

"வேணாம்ப்பா, சண்டை போடாதீங்க. நான்தான்னே இருந்துட்டுப் போகட்டும்."

யாரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கவில்லை.